காயம்பட்ட காட்டு விலங்குகளை மீட்டுப் பராமரிக்கும் மையங்களுக்கு நான் எப்படி உதவலாம்?

கேள்வியோடு ஒரு வரியையும் சேர்த்திருக்கிறீர்கள்: "விலங்குகள் என்றால் எனக்கு உயிர். சனி, ஞாயிறு நேரம் இருக்கிறது. குட்டிகளுக்குப் பால் புகட்ட, காயத்துக்கு மருந்து போட ஆள் எடுப்பார்களா?" இந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 11 வருடத்துக்கு முன்னால் ஒரு மீட்பு மையத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது, அந்த 'உயிர்' உட்பட.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை, வனத்துறைக்காரனும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். 'இதைச் சொல்ல இவன் யார்' என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம், நியாயம்தான். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மையம், அங்கே போய்வந்த வருடங்கள், அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறு. தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் ஏதோ உபதேசம்போல இருக்கும்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரநாய் குட்டி போட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. வயரிங் வேலைக்கு வந்தவர் பரணில் ஏறிப் பெட்டிகளை நகர்த்தினார். ஏதோ ஒன்று தடதடவென்று ஓடிக் கூரை இடுக்கு வழியாக வெளியே போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து கீச்சுக் குரல். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், உள்ளங்கையில் அடங்கியது. பின்னங்காலில் ஒரு கீறல். நான் என்ன நினைத்தேன்? தாய் கைவிட்டுவிட்டது, குட்டிக்குப் பெரிய காயம், இனி நான்தான் காப்பாற்ற வேண்டும். மூன்றும் தப்பு.

பசும்பால் கொடுத்தேன். கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டும் எவ்வளவு மோசம் என்று பிறகுதான் தெரிந்தது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பல காட்டுக் குட்டிகளுக்குச் செரிக்காது. வயிறு உப்பி, பேதியாகி, நீர் வற்றிச் செத்துப்போகும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு முதலில் உடம்பு சூடேற வேண்டும், அப்புறம் நீர்ச்சத்து, அதற்கும் அப்புறம்தான் பால். இந்த வரிசை மாறினால் ஊட்டிய பாலே கொன்றுவிடும். என் குட்டி எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதுதான் வினை. எனக்குக் கைராசி என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நான்கு மாதம் வளர்த்தேன். ஒரு பெயர் வைத்தேன், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. சட்டைக் காலருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கும். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் கால் வழியாக ஏறித் தோளில் வந்து உட்காரும். படம் எடுத்துப் போட்டேன், விருப்பக்குறிகள் குவிந்தன. 'நீங்கதான் சார் மனுஷன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்புறம் அது வளர்ந்தது. ராத்திரி முழுக்க ஓட்டம், மெத்தையில் கிழிசல், கை நீட்டினால் கடி, வீட்டில் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு போய் ஒரு தோப்போரம் விட்டேன். இரவில் நடமாடும் பிராணியை உச்சி வெயிலில், அது பார்த்தே இராத இடத்தில். பெட்டியைத் திறந்தால் அது மரத்துக்குப் போகவில்லை, என் பின்னாலேயே வந்தது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தன் வீட்டு வாசலில் நின்ற ஒருவரின் காலில் அது ஏறியிருக்கிறது, என் காலில் ஏறுவதுபோலவே. அவர் பயந்துபோய்த் தடியால் அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் ஒரு காட்டுப் பிராணி மேலே ஏறினால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவரேதான் ஆளைக் கூப்பிட்டு மீட்பு மையத்துக்கும் அனுப்பிவைத்திருக்கிறார். யாரோ பகிர்ந்த படத்தில் கிழிந்த இடது காதைப் பார்த்து அடையாளம் தெரிந்து ஓடினேன். முதுகெலும்பு முறிந்திருந்தது. என் குரல் கேட்டதும் தலையை மட்டும் தூக்கியது.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், "இதை வளர்த்தது யாரு?"

நான் வாயைத் திறக்க வெகு நேரம் ஆனது. முழுக்கக் கேட்டுவிட்டு, "தாய் கைவிடல சார். நீங்கல்லாம் நின்னுட்டிருந்ததால கிட்ட வரல. ராத்திரி வரைக்கும் பரண்ல விட்டிருந்தா வாயில கவ்விட்டுப் போயிருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசி போட்டு முடித்துவைத்தார்கள்.

அந்த வாரம்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதியது குற்றவுணர்ச்சியில், ஆனால் அதில் கேட்டது என்னவோ குட்டிகளைத் தொடும் வேலையைத்தான். புத்தி அவ்வளவு சீக்கிரமா மாறிவிடும்?

எனக்குக் கொடுத்த வேலை துண்டு துவைப்பது.

இரண்டு மாதம் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எச்சம், சீழ், ரத்தம் படிந்த துண்டுகள். கையுறை போட்டுக்கொண்டு உதறி, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசிக் காயப்போட வேண்டும். தொற்று இருக்கும் கூண்டுகளின் துணிக்குத் தனி வாளி. உலர்ந்த பிறகு பராமரிப்பாளர் அண்ணன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நூல் வளையம் வளையமாக நிற்கும் டர்க்கி டவலைத் தூர எறிவார். அந்த வளையத்தில் வௌவாலின் நகமோ குஞ்சுப் பறவையின் விரலோ மாட்டினால், அது உதறும்போது மூட்டே பிசகிவிடும். பழைய பனியன் துணி அவருக்குத் தங்கம் மாதிரி. நான் மனசுக்குள் கறுவிக்கொண்டே துவைத்தேன். இவ்வளவு படித்துவிட்டு இதற்கா வந்தேன் என்று. (பிறகு புரிந்தது, அந்த இரண்டு மாதத்தில் பாதிப் பேர் ஓடிப்போவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் அடுத்த வேலை.)

அடுத்த வேலை பழம் நறுக்கி எடை போடுவது. அதற்கடுத்தது கூண்டுக்கு வெளியே, துணித் திரைக்குப் பின்னால் நின்று, எது எவ்வளவு தின்றது என்று சத்தமில்லாமல் குறித்துவைப்பது. பேசக் கூடாது, கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். முகக்கவசம் கட்டாயம், ஏனென்றால் நம்முடைய சாதாரணச் சளி, உதட்டுப் புண் எல்லாம் சில குரங்கினங்களுக்கு உயிரையே வாங்கும். நீங்கள் கேட்ட பால் புகட்டும் வேலைக்கு அங்கே மொத்தம் 2 பேர்தான். பல கை மாறினால் குட்டி மனிதர்களையே தாயென்று நம்பிவிடும் என்பதால், வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரன்ஸைத் தாயென்று நம்பி, அவர் பின்னால் வாத்துக்குஞ்சுகள் வரிசையாகப் போகும் படம் ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காரியத்தைப் பரணில் கிடந்த குட்டிக்குச் செய்த எனக்குக் கிடைத்தது என்னவென்று மேலே சொல்லிவிட்டேன்.

இந்த அமைதி ஏன் இவ்வளவு முக்கியம் என்று அங்கே வந்த ஒரு மானைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. நாய்கள் துரத்தி வந்ததை யாரோ மீட்டிருந்தார்கள். உடம்பில் பல்தடம்கூட இல்லை. வண்டியில் ஏற்றும் முன் பத்துப் பதினைந்து பேர் தடவிக்கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள், செல்ஃபி வேறு. மூன்றாம் நாள் செத்துப்போனது. ஓட்டத்திலும் திமிறலிலும் பயத்திலும் தசைகள் சிதையும். அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியே காயமே தெரியாது, ஆனால் பெரும்பாலும் சாவுதான். தடவிக்கொடுத்தவர்கள் இன்றைக்கும் ஒரு மானைக் காப்பாற்றியதாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தப்பாகச் சொல்லவில்லை, அவர்கள் மனசு நல்ல மனசுதான்.

வௌவால் விஷயமும் அப்படித்தான். பழ மரத்துக்குப் போர்த்திய வலையில் மாட்டியதை அறுத்துவிட்டுப் 'பறந்துபோயிடுச்சு, நல்லா இருக்கு' என்று சந்தோஷப்படுவோம். இறக்கைச் சவ்வில் நூல் இறுகிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சில நாள் கழித்துத்தான் அந்தப் பகுதி அழுக ஆரம்பிக்கும். அதனால் மீட்கப் போகும் மையத்து ஆட்களிடம் சுற்றியுள்ள வலையோடு சேர்த்து வெட்டிக் கொண்டுவரச் சொல்வார்கள், சிக்கை மேஜையில் வைத்துப் பிரிப்பார்கள், அப்புறம் பல நாள் கண்காணிப்பு. வெறும் கையால் வௌவாலைத் தொடவே கூடாது. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே டோல்கா வௌவால் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. உண்ணிக்கடியால் பக்கவாதம் வந்து விழும் பழந்தின்னி வௌவால்களையும், அவற்றின் மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிகளையும் அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். ரேபிஸ் தடுப்பூசி போடாத ஆளுக்கு அங்கே வௌவாலைத் தொட அனுமதி இல்லை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே கிடையாது. ஆகவே பாசத்தை அப்புறம் பார்க்கலாம், ஊசி முதலில்.

சரி, கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் டாக்டரம்மா, "நீங்க அக்கவுன்ட்ஸ் ஆளாமே, எங்க புத்தகத்தைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார். எனக்கு வந்த கோபம்! என் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். சொந்தபந்தம் ஒருத்தர் விடாமல் வருமான வரியை நம் தலையில்தான் கட்டுவார்கள். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதைக் கொண்டுவந்து கொட்டுவார் சித்தப்பா பையன். போட்டு முடித்தால் நன்றி கிடையாது, 'ஏன் இவ்வளவு வரி வருது' என்று நம்மிடமே சண்டை. கல்யாண வீட்டில் டாக்டரைப் பிடித்து முழங்கால் வலி கேட்பதையாவது எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், எங்களுக்கு அந்த அனுதாபம்கூட இல்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வருடக்கணக்காக உள்ளே கிடந்தது, எழுதிவிட்டேன். இதிலிருந்து தப்பிக்கத்தான் விலங்குகளிடம் வந்தேன், இங்கேயும் பேரேடா என்று முறைத்துக்கொண்டே பிரித்தேன்.

பிரித்தால் தெரிந்தது. ஒரு குரங்குக் குட்டியின் படம் பரவி, அதன் பெயரில் பணம் குவிந்திருந்தது. அது அந்தக் குட்டிக்கென்று கொடுத்த பணம், வேறு எதற்கும் எடுக்க முடியாது. அதே மாதம் மின்கட்டணத்துக்கு வழியில்லை. குஞ்சுகளின் இன்குபேட்டரும் மருந்து ஃபிரிட்ஜும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பாம்புக்கும் வௌவாலுக்கும் உடும்புக்கும் யாரும் பத்துக் காசு கொடுத்திருக்கவில்லை. ரசீதைச் சரியாக வைக்காததால் ஓர் அறக்கட்டளை தர இருந்த உதவித்தொகையும் கைவிட்டுப் போயிருந்தது. நான் அதுவரை துவைத்த துண்டுகளின் மொத்த மதிப்பைவிட, அடுத்த வருடம் ஒழுங்காக அனுப்பிய ஒரு கணக்கு அறிக்கை அதிகம் கொண்டுவந்தது. எனக்கு அது பெருமையா அவமானமா என்று இன்னும் பிடிபடவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசினால் 'வசூலுக்கு வந்துட்டான்' என்று யாராவது எழுதுவீர்கள். எந்த மையத்தின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை, நன்கொடை எண்ணும் கிடையாது. ஆனால் ஒரு விலங்குக்கு ஆகும் காலத்தை யோசித்துப் பாருங்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1964-ல் தொடங்கியது. ஒராங்குட்டான் குட்டி காட்டில் தாயோடு ஆறேழு வருடம் இருந்துதான் எதைத் தின்பது, கூடு எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொள்கிறது. அந்தத் தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைப் பிடித்து விற்றவன் ஒரே நாளில் வேலையை முடித்துவிடுவான், அதைத் திரும்பக் காட்டுக்கு அனுப்ப இன்னொருவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். கென்யாவில் தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்த்த தாப்னே ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி அவற்றுக்கு ஏற்ற பாலைக் கண்டுபிடிக்கப் பல வருடம் முயன்று, கண்ணெதிரே குட்டிகளை இழந்திருக்கிறார். பசும்பால் கொழுப்பு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தேங்காய் எண்ணெய் சேர்த்த கலவைதான் கடைசியில் கைகொடுத்தது. அவ்வளவு பொறுமையாகத் தேடிய ஒன்றைத்தான் நான் பரணடியில் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தேன்.

'இயற்கை பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் தலையிட வேண்டும்' என்பவர்களும் வருவார்கள். அங்கே நான் பதிவேட்டில் எழுதிய காரணங்களைப் பார்த்தால் மின்கம்பி, வாகனம், வலை, கண்ணி, நாய், வளர்ப்புக்காகப் பிடித்தது. இதில் இயற்கை எங்கே இருக்கிறது? கோஸ்டாரிகாவில் காட்டுத் துண்டுகளுக்கு நடுவே போகும் உறையில்லாத மின்கம்பிகளைக் கொடி என்று நினைத்துப் பிடித்து, மரத்தில் தொங்கியபடி மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற பிராணிகள் கருகுகின்றன. அங்கே கம்பிகளுக்கு உறை போடவைக்கவும், மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டவும் ஆட்கள் ஓயாமல் அலைகிறார்கள். உங்கள் பகுதியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விலங்குகள் அடிபடுகின்றனவா? அதைத் தேதியோடு குறித்து மனு கொடுத்துக்கொண்டே இருப்பதும் மீட்பு வேலைதான். ஒரு படம்கூடப் போட முடியாது, அவ்வளவுதான் குறை.

படம் என்றதும் ஒன்று. ஸ்லோ லோரிஸ் என்ற தென்கிழக்கு ஆசியத் தேவாங்கைக் கிச்சுகிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது சுகத்தில் தூக்கவில்லை. முழங்கைப் பக்கம் இருக்கும் விஷச் சுரப்பியை வாய்க்கு எட்டவைக்க, மிரண்டுபோய் எடுக்கும் தற்காப்பு நிலை. 2007-லேயே அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்துவிட்டார்கள், வீடியோ மட்டும் இன்றும் சுற்றுகிறது. விற்பவர்கள் கடி படாமலிருக்க அதன் பற்களை வெட்டிவிடுவதும் உண்டு. பல் போனால் மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்ன முடியாது, ஆகவே மீட்டாலும் காட்டுக்குத் திரும்ப வழியில்லை. பகிராமல் விடுவதற்குக் காசா பணமா?

அதனால் மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள். குட்டியை உங்கள் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டால் அங்கே போகாதீர்கள். எத்தனை வந்தன, எத்தனை திரும்ப விடப்பட்டன, எத்தனை செத்தன என்று கேளுங்கள். செத்த எண்ணிக்கையைத் தயங்காமல் சொல்பவர்கள்தான் பெரும்பாலும் நேர்மையானவர்கள். எதுவுமே சாவதில்லை என்று சொல்லும் இடத்தில் கணக்குப் புத்தகத்தை நான் நம்ப மாட்டேன்.

நாளைக்கே ஒரு காயம்பட்ட விலங்கு கண்ணில் பட்டால்: முதலில் மையத்துக்கோ வனத்துறைக்கோ போன். சின்னப் பிராணியாக இருந்து, எடுக்கச் சொன்னால் மட்டும், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே துணி, மூடி, இருட்டு, அமைதி. தண்ணீர், பால், சோறு எதுவும் வேண்டாம். எங்கே கண்டெடுத்தீர்கள் என்று சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள், குணமான பிறகு பெரும்பாலும் அங்கேதான் விட வேண்டியிருக்கும். குரங்கு, பாம்பு, வௌவால், பெரிய மிருகம் என்றால் கிட்டவே போகாதீர்கள், கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம், அந்தப் பிராணிக்கு அதைவிடக் கெடுதல்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தால் ராத்திரி 11 மணிக்குப் பெட்டியை ஏற்றிவர ஆள் எப்போதும் குறைவு. எலெக்ட்ரீஷியன், தச்சர், இணையதளம் செய்பவர், மொழிபெயர்ப்பவர், எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. பணம் என்றால் சிறிய தொகையை மாதாமாதம், எந்த விலங்கின் பெயரும் குறிப்பிடாமல் கொடுங்கள். முதல் முறை போகும்போது அவர்கள் கொடுக்கும் வேலையைச் செய்யுங்கள், குட்டி எங்கே என்று கேட்காதீர்கள்.

திருத்தம்: பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். ஆம், பழைய பெட்ஷீட்டும் வாங்கிக்கொள்வார்கள், நூல் பிரியாததாக இருந்தால். பொத்தான், ஜிப் இருந்தால் வெட்டிவிட்டுக் கொடுங்கள். தலையணை வேண்டாம், துவைத்தால் காய மூன்று நாள் ஆகிறது.